மாப்பிள்ளை தண்ணீரில் விழுந்த வெள்ளிக்கிழமை

அன்றைக்கு அங்கே இருந்தது நான். என் படகில் வலை இழுக்கும் பங்காளி. செல்போன் கடை வைத்திருக்கும் பாய். கதவோரம் உட்கார்ந்து கருவாடு ஆய்ந்துகொண்டிருந்த என் தங்கச்சி. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை. அவர் சவூதியில் லாரி ஓட்டுகிறார். போனுக்குள் இருந்தார்.

இடம் கோட்டைப்பட்டினத்தில் என் வீட்டு முன்னறை. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில் கிடந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்கு லீவு. பாய் ஜும்மா முடித்து வந்ததும் நாலு பேரும் விளையாட்டில் கூடுவோம்.

நான் ஏழாவது வரை படித்தவன். படகு ஓட்டுவது தொழில். ஆன்லைன் விளையாட்டு போன தடைக்காலத்தில் பழகினது. நாம் ஒரு ஆளாக வேடம் எடுத்து உள்ளே போய் வாழ்கிற வகை. நாலைந்து பார்த்துவிட்டோம். எல்லாம் ஒன்றுதான். கத்தி எடு, பூதத்தை வெட்டு. பெரிய கத்தி எடு, பெரிய பூதத்தை வெட்டு. போகிற வழிக்கு அம்புக்குறி காட்டும். செத்தால் பத்து எண்ணுவதற்குள் எழுந்து நிற்கலாம். அதனால் யார் செத்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சலித்துவிட்டது.

இந்தப் புது விளையாட்டைப் பாய் கொண்டுவந்தார். ஒரு தீவு. பூதம் இல்லை. அம்புக்குறி இல்லை. ஆளுக்கு ஒரு தொழில். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுதான் காதில் விழும். கடலில் விழுந்தால் ஒரு மணி நேரம் உயிர் இருக்கும். அதற்குள் இன்னொருவர் வந்து தூக்க வேண்டும். தூக்காவிட்டால் அந்த ஆள் போனதுதான். திரும்ப முதலில் இருந்து.

நாங்கள் நாலு பேரும் மீன்பிடி எடுத்தோம். தங்கச்சி சிரித்தாள்.

"கடலுக்குப் போகாதீங்கன்னு கவர்மெண்டு சொன்னா, போனுக்குள்ள போயி வலை விடுறீங்களாக்கும்."

ஆனாலும் வெள்ளிக்கிழமை வந்து உட்கார்ந்துவிடுவாள். மாப்பிள்ளை ஊருக்கு வந்துபோய் மூன்று வருஷம் ஆகிறது. அவளிடம் போனில் பேசினால் சாப்பிட்டியா, பிள்ளைகள் நல்லா இருக்கா என்பார். அதோடு சரி. விளையாட்டுக்குள் வந்தால் சிரிப்பார், எங்களைத் திட்டுவார். அதைக் கேட்கத்தான் அவள் வருவது. சொல்லமாட்டாள்.

அன்றைக்கு நான் ஓட்டினேன். அலைக்குக் குறுக்கே திருப்பிவிட்டேன். தப்பு என்னுடையது. மாப்பிள்ளை விழுந்தார். மூடுபனி. அவர் சத்தம் நின்றுபோனது. ஒன்றரை மாதமாக அவர் வளர்த்த ஆள்.

அவரிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தது. பாய் வாசித்தார்.

"மச்சான், இந்த ஆளு போச்சுன்னா திரும்ப மொதல்ல இருந்து என்னால ஆகாது. இனி நான் வரல."

தங்கச்சி கையில் இருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள்.

விளையாட்டுப் படகில் ஒரு மணி உண்டு. அடித்தால் தூரத்துப் படகுகளுக்கும் கேட்கும். வருகிறவர்கள் போட்ட வலையை அறுத்துவிட்டுத்தான் வர முடியும். அன்றைய மீன்பாடு போய்விடும். பங்காளி மணியை அடித்தான்.

"எவன் பங்காளி வருவான்? பழைய வெளையாட்டா இருந்தா செத்தவன் பையில இருக்குறத எடுக்கத்தான் வருவானுக," என்றேன்.

தடைக்காலத்தில் எங்களுக்குக் கச்சான் காற்று. மேற்கே இருந்து அடிக்கும். விழுந்தது கிழக்கே போகும். யோசிக்கவே இல்லை, கிழக்கே விட்டேன். முக்கால் மணி நேரம் கிழக்கேயே சுற்றிச் சுற்றித் தேடினேன். வெறும் தண்ணீர்.

"சரியாத்தான் போறீங்களா?" என்றார் பாய்.

"முப்பது வருசமா ஓட்டுறேன் பாய்."

இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தோம். தங்கச்சி எழுந்துவந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, படகுல கொடி எங்கிட்டுப் பறக்குது?"

பார்த்தேன். மேற்கே பறந்தது.

"இது என்ன நம்ம கடலாண்ணே? அங்கிட்டுத் திருப்புங்க."

திருப்பினேன். இரண்டு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது பனிக்குள் இருந்து சத்தம் வந்தது.

"யோவ் மச்சான், ஒங்களுக்கெல்லாம் யாருய்யா படகு குடுத்தது?"

தங்கச்சி போனை என் கையில் இருந்து பிடுங்கினாள்.

"கத்தாதீங்க. வாரோம்."



"நீயுமா கடலுக்கு வந்துட்ட?"

"பின்ன? எங்கண்ணனை நம்பி ஒங்கள விடச் சொல்றீங்களா?"

அவர் சிரித்தார். பங்காளி கை கொடுத்துத் தூக்கினான்.

பனி விலகியது. எங்களைச் சுற்றி முன்பின் தெரியாதவர்களின் படகுகள் நின்றன. ஒன்றிலும் வலை இல்லை. தங்கச்சி திரையில் விரலை வைத்து எண்ணினாள். இருபத்து மூன்று.