பேருக்கு அடியில் இருந்த கறுப்பு

பேத்தி பூங்கொடிதான் கோர்ட்டிலிருந்து போன் செய்தாள். "அப்பத்தா, சிம்மக்கல்ல நமக்குப் பேனர் செஞ்சு குடுத்தாகளே, செல்வராணி அக்கா, தவறிட்டாகளாம். காய்ச்சல்னு படுத்தவுக எந்திரிக்கலையாம்." நான் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தேன். கொட்டகைக் கூரையில் விரித்திருந்த அந்தப் பேனரை நிமிர்ந்து பார்த்தேன். பிறகு பார்க்க முடியவில்லை.

அவளோடு வேலை பார்த்தவர்களும் உறவுக்காரர்களும் முப்பதாம் நாளுக்குக் கூடுவீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சமயநல்லூர்க்காரி. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

பூங்கொடி வக்கீலானபோது ஊர் முகப்பில் பேனர் வைக்க ஆசைப்பட்டுச் சிம்மக்கல் கடைக்கு நானே போனேன். கம்ப்யூட்டர் முன்னால் செல்வராணி இருந்தாள். பின்னால் செவ்வந்திப் பூவாக வேண்டும், பேர் மங்களமாக மஞ்சளில் வேண்டும் என்றேன். சொன்னபடி செய்தாள். பிறகு அதே பேரைக் கறுப்பில் இன்னொரு தடவை வைத்து, மஞ்சளுக்கு அடியில் தள்ளி, ஓரமெல்லாம் புகை மாதிரி மங்க வைத்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. "நல்ல காரியத்துல எம்பேத்தி பேருக்கு அடியில கரியைப் பூசுறியா? எழுத்தும் கலைஞ்சு கெடக்கு. படிக்கத் தெரியாத கிழவின்னு நெனச்சியா?"

அவள் சிரித்தாள். "கிட்ட நின்னு பாக்காதீக அப்பத்தா. இது ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு படிக்கிற எழுத்து. மஞ்சப்பூ மேல மஞ்ச எழுத்து மறைஞ்சுரும். பின்னாடி ஒரு ஆளு நின்னாத்தானே முன்னாடி நிக்கிறவுக தெரிவாக."

"அந்த ஆளு வேணாம். எடு."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கறுப்பை எடுத்துவிட்டாள்.

பேனரைக் கட்டியபோது அவள் சொன்னதுதான் நடந்தது. பூங்கொடியின் படம் தெரிந்தது, பூ தெரிந்தது, பேர் தெரியவில்லை. "எந்தப் பூக்கடைக்கு விளம்பரம்?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள். என் மகனும் பூங்கொடியும் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போனார்கள். கடைக்காரர் செல்வராணியைக் கூப்பிட்டு, "பேருக்கு அடியில கறுப்பு ஷேடோ வைக்கலையா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"மறந்துட்டேண்ணே," என்றாள்.

அன்றைக்கே அவளைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்பி, பேனர் ஓரத்தில் கயிறு கோக்க வளையம் அடிக்கிற வேலைக்குப் போட்டார் கடைக்காரர். ரெண்டு மாசம் கழித்து, கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனேன். சுத்தியலும் கையுமாக இருந்தவள், "வாங்க அப்பத்தா, பேத்தி கேசெல்லாம் ஜெயிக்குதா?" என்று கேட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். டீ வாங்கிக் கொடுத்தாள். பேத்தி பெருமையை அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தேன். போன காரியத்தைப் பேசவில்லை.

துக்கத்துக்குப் போனபோது கடை வாசலில் அவளுக்கு அஞ்சலிப் பேனர் கட்டியிருந்தார்கள். வெளுத்த வானத்தின் மேல் வெள்ளை எழுத்து, அதற்கு அடியில் மங்கிய கறுப்பு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றே, ஒரே பார்வையில் அவள் பேரைப் படித்துவிட்டேன். பக்கத்தில் வந்த கடைக்காரர், "உங்க பேனர்ல மறந்த மாதிரி அவ பேருக்கும் ஆயிரக்கூடாதுன்னு ரெண்டு தடவை பாத்தேன் அப்பத்தா," என்றார். அப்போதும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அவள் மறக்கவில்லை. எடுக்கச் சொன்னது நான். பேத்தி முன்னால் என் தலை குனியக் கூடாது என்று அவள் பழியை வாங்கிக்கொண்டாள், நான் வாங்க விட்டேன்.

கொட்டகைக்கு வேறு தார்ப்பாய் போடலாம் என்கிறான் மகன். வேண்டாம் என்றிருக்கிறேன். அவள் கையால் செய்ததில் என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். தினமும் தழை போட நிமிரும்போது பேர் எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

முப்பதாம் நாளில் இதைக் கடைக்காரர் முன்னால், பூங்கொடியும் இருக்கும்போது, நானே வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் எனக்கு வாசிக்க வரும். நேரமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.