உளுந்தும் ஒரு மறுப்பும்

உளுந்தை விற்பதைவிட அது கப்பலேறும் தேதியைச் சொல்வதுதான் கஷ்டம் என்பது, ஏற்றுமதி அலுவலக நாற்காலியில் தேய்ந்த உங்களுக்கெல்லாம் தெரியும்.

தமிழ் தெரிந்த பெண்

பர்மாவில், போட்டாதாங்கில் ஒரு பயறு ஏற்றுமதிக் கம்பெனி. முதலாளி ஊ மௌங் மௌங்குக்குத் தமிழ் தெரியாது. விருதுநகரில் அப்பளத்துக்கு உளுந்து வாங்கும் அண்ணாச்சிக்கோ பர்மிய மொழி தெரியாது. நடுவில் நான். வீட்டில் தமிழ் பேசினாலும் எனக்குக் கணக்கும் கோபமும் பர்மிய மொழியில்தான் வரும். முதல் தொலைபேசி அழைப்பில் அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் கூச்சத்தோடு "சரிங்க அண்ணாச்சி" என்றேன். கடைசியில் அவர் கேட்டார்: "ஏம்மா, ஒங்க ஊர்ல இதத் தவிர வேற வார்த்தையே கெடையாதா?"

பொறுக்கியெடுத்த சாம்பிள்

சாம்பிள் அனுப்பச் சொன்னார். தன்லியின் என்ற ஊரில் இருக்கும் எங்கள் கிடங்கில் உளுந்து பொறுக்கும் நாற்பது பெண்களுக்கு மா கின்தான் தலைவி. ஒரு கிலோவை மூன்று மணி நேரம் பொறுக்கி முத்துப்போல அனுப்பினார்கள். ஏமாற்ற நினைத்தல்ல, அடுத்தவர் வீட்டுக்குப் போகும் பொருள் சுத்தமாகப் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குப் போன முறை மூட்டையில் கிடந்த கல் ஞாபகம் வந்துவிட்டது. பிரேசில்காரன் உள்ளதை உள்ளபடி காட்டுகிறான், சொன்ன நாளில் அனுப்புகிறான், இந்த முறையும் சாம்பிளிலிருந்து சரக்கு மாறினால் அங்கேயே வாங்கிக்கொள்வேன் என்றார். எங்கள் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகிறது. அவர் போனால் கிடங்கை மூட வேண்டியதுதான்.

மூட்டையின் நடுவிலிருந்து அப்படியே அள்ளித் தரச் சொன்னேன். மா கின் முகம் சுளித்தாள். "முகத்துக்குத் தனாக்கா பூசாமல் கல்யாணத்துக்குப் போகச் சொல்கிறாய், தங்கச்சி."

பத்து நாள்

புது சாம்பிள் அண்ணாச்சிக்குப் பிடித்துவிட்டது. ஆனால் பத்து நாளில் கப்பலேற்ற முடியுமா என்றார். நான் பர்மிய மொழியில் சொன்னதும், எதிரே இருந்த முதலாளி, முடியும் என்று சொல்லச் சொல்லித் தலையாட்டினார். முகத்துக்கு நேரே மறுப்பது எங்கள் ஊரில் பெரிய சங்கடம். அதற்கு 'ஆனாடே' என்று பெயரே உண்டு. முதலில் சம்மதித்துவிட்டு, பிறகு காரணம் தேடுவோம். போன முறை அப்படித்தான் மூன்று வாரம் தாமதமானது. இப்போதோ மழையில் சரக்கு ஈரமாகிக் கிடந்தது.

"முடியாதுங்க அண்ணாச்சி. காய வைக்கணும். இருபத்திரண்டு நாள் ஆகும்" என்றேன். தமிழ் புரியாத முதலாளி சிரித்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தார். நாற்பது பேரின் வேலையையும் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஒங்க ஊர்லருந்து நம்புற மாதிரி ஒரு தேதி இப்பத்தாம்மா வருது. ரெண்டு கன்டெய்னர் போடு."

இருபத்தோராம் நாள்

நான் என்ன சொன்னேன் என்று தெரிந்ததும் முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இருபத்தோராம் நாள் இரண்டு கன்டெய்னரும் கப்பலேறின. அன்றுதான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. கிடங்கில் மா கின் அடுத்த மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மாலையில் முதலாளி மெல்ல என் மேசைக்கு வந்தார். "இனிமேல் முடியாது என்று சொல்கிற வேலை உன்னுடையது. எனக்குக் கூச்சமாக இருக்கிறது."

சின்ன நாடுகள் உலகச் சந்தையில் போட்டி போடுவது எப்படி என்று கல்லூரியில் மூன்று வருடம் படித்தேன். அதில் "முடியாதுங்க அண்ணாச்சி" என்று ஒரு பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.