லேசாக ஒரு லேப்டாப்

வேங்கிக்காலில் என் வீடு. கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் கட்டில். நடுவில் இரண்டு பஸ். பக்கவாதம் வந்து அப்பாவின் வலது கையும் காலும் விழுந்த பிறகு பகல் முழுக்க நான்தான் துணை. அம்மாவுக்குக் கழனி இருக்கிறது, மாடு இருக்கிறது. சென்னைக் கம்பெனி ஒன்றின் சர்வர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் சரி, கஸ்டமர் கூப்பிட்டால் லேப்டாப் வழியாகவே பேச வேண்டும் என்று மேனேஜர் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஒப்புதல் போனால் எனக்குச் சென்னையில் ஹாஸ்டல், அப்பாவுக்குப் பூட்டிய வீடு.

ஆபீஸ் கொடுத்த லேப்டாப் செங்கல் கனம். பௌர்ணமியன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலம் வந்த கூட்டம் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் எதிரே வர, நான் மட்டும் அதைத் தோளில் சுமந்துகொண்டு போவேன். அவர்களுக்காவது புண்ணியம் உண்டு. எனக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதுதான் மிச்சம்.

சொந்தமாக ஒன்று வாங்கி லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக்கொள்ள ஆபீசில் தடையில்லை. பெரிய தெருக் கடையில் போய், "லேசா ஒண்ணு வேணுங்க" என்றேன்.

"லேசு ஜாஸ்தியானா விலையும் ஜாஸ்திங்க. லினக்ஸ் போடுவீங்களா? அப்புறம் ஏதாச்சும் ஆனா எங்களைக் கேக்காதீங்க" என்றார் கடைக்காரர்.

லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவை எடுத்துப் போயிருந்தேன். அதைச் செருகி, வைஃபை வருகிறதா, ஸ்பீக்கர் கத்துகிறதா, மூடினால் தூங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மைக்கில் "ஹலோ ஹலோ" என்றும் சொல்லிப் பார்த்தேன். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இவ்வளவு சோதித்ததில்லை. ஒரு கிலோவைத் தொடாத ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். ஆபீஸ் செங்கலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவிடம் காட்டினேன். இடது கையில் வாங்கி, நிலக்கடலையை நிறுப்பதுபோல் ஏந்திப் பார்த்தார். "பொக்கு" என்றார். உள்ளே பருப்பில்லாத கடலையை அப்படித்தான் சொல்வோம். நோய் வந்த பிறகு அவர் வாயில் தெளிவாக வரும் நாலைந்து வார்த்தைகளில் ஒன்றை என் லேப்டாப்புக்குக் கொடுத்தாரே என்று சிரித்துவிட்டேன்.

நான்கு மாதம் நன்றாக ஓடியது. தோள்வலி குறைந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் லினக்ஸின் அடித்தளமான கெர்னலுக்கு அப்டேட் ஒன்று வந்தது, போட்டேன். பூஜையன்று மம்முட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மிஷின் வரிசையில் என் லேப்டாப்பையும் திறந்து வைத்தாள் அம்மா. எல்லாவற்றுக்கும் அப்பாதான் கட்டிலில் இருந்தபடி இடது கையால் சந்தனம் வைத்தார். லேப்டாப்புக்கு நெற்றி எது என்று யோசித்து, திரைக்கு மேலே கேமராவின் இரண்டு பக்கமும் பரவுகிற மாதிரி அழுத்தமாக ஒரு பொட்டு. மறுநாள் துணியால் துடைத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தேன்.

"மேடம், கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு" என்றார் மேனேஜர்.

அப்டேட்தான் கெடுத்துவிட்டது, வேறென்ன? பழைய கெர்னலுக்குத் திரும்பினேன். மைக்கை ஓட்டும் டிரைவர் புரோகிராமைக் கழற்றி மறுபடி போட்டேன். யார் யாரோ எழுதி வைத்த வைத்தியத்தையெல்லாம் செய்தேன். மெலிசு வேண்டும் என்று வாங்கியதில் இயர்போன் செருகத் துளையே இல்லை. புளூடூத் வாங்கினால் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்துகொண்டது. "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியது.

"நீ பேசறது கீப்பனாத்தூர் முழுக்கக் கேக்குது, அவனுக்கு மட்டும் கேக்கலியா?" என்றாள் அம்மா. நான் லினக்ஸைத் திட்டினால், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்பாள். எரிச்சலில் எனக்கு அழுகை வரும்.

பத்தாவது நாள் மேனேஜர் தணிந்த குரலில் சொன்னார். "கஸ்டமர் கம்ப்ளைன்ட் பண்றாங்க மேடம். நாளைக்கும் இப்படின்னா, திங்கக்கிழமைலேர்ந்து நீங்க இங்கயே வந்துடுங்க." அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் காலை, செய்வதற்கு எதுவும் மிச்சமில்லாமல், லேப்டாப்பை முகத்தருகே தூக்கிப் பார்த்தேன். கேமராவுக்கு இரண்டு பக்கமும் ஊசி நுழைகிற அளவில் இரண்டு துளைகள். அதுதான் மைக். இரண்டும் மஞ்சளாக அடைத்துப் போயிருந்தன.

"யாரு இதுல கைய வச்சது?" என்று கத்திவிட்டேன்.

அறையில் அப்பாவையும் என்னையும் தவிர யாருமில்லை. கத்தி முடித்த பிறகுதான் யார் வைத்தது என்பதே எனக்கு நினைவுக்கு வந்தது. ஐயோ என்றாகிவிட்டது.

ஊசியால் சுரண்டினேன். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. மேனேஜரைக் கூப்பிட்டேன். "சூப்பர் மேடம், பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. நீங்க அங்கயே இருங்க" என்றார். பத்து நாள் பாரம் இறங்கி, அப்பாவிடம் சொல்லத் திரும்பினேன்.

அவர் இடது கையைப் போர்வைக்குள் விட்டிருந்தார்.

"உன்னைச் சொல்லலப்பா. தெரியாம கத்திட்டேன்" என்றேன். போர்வைக்கு மேலேயே அந்தக் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தக் கையால் தானே பிசைந்து சாப்பிட அவருக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. மதியம் தட்டை எதிரில் வைத்தேன். கை வெளியே வரவில்லை. வாயை மட்டும் திறந்தார். நான் ஊட்டினேன்.