அண்ணன் மகளைத் தூக்காத ஐந்து மாதம்

அண்ணனுக்குப் பெண் குழந்தை பிறந்த அதே மாதத்தில்தான் என் முழங்கைகளில் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. முழுக்கைச் சட்டையில் யாருக்கும் தெரியவில்லை. சில நாளிலேயே உள்ளங்கைக்கும் வந்தது. ஒருநாள் மதியம் கம்பெனியில் பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸை மெல்லத் தள்ளி வைத்தாள். குழந்தையைத் தொடக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஞாயிறுதோறும் நெமிலிச்சேரியில் அண்ணன் வீட்டுக்குப் போவேன். அண்ணி குழந்தையை நீட்டுவார். "சளி பிடிச்சிருக்கு அண்ணி" என்று விலகிக்கொள்வேன்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது, ஆவடியில் ஒரு தோல் டாக்டரம்மாவைப் பார்த்தேன். சோரியாசிஸ் என்றார்.

"குழந்தைக்கு ஒட்டிக்குமா மேடம்?"

"ஒட்டவே ஒட்டாது. இது கிருமியால வர்றது இல்லை."

மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள், எதிரியே இல்லாதபோதும் இன்டர்லூகின்-17 என்ற புரதத்தைச் சுரந்துகொண்டே இருக்கின்றனவாம். அது தோல் செல்களை அவசரப்படுத்துகிறது. மேலே வந்து உதிர ஒரு மாதம் எடுக்க வேண்டிய செல் நாலைந்து நாளில் வந்துவிடுகிறது. முதலில் களிம்பு, கேட்காவிட்டால் அந்தப் புரதத்தையே தடுக்கும் ஊசி.

"முழுசாப் போயிடும்னு சொல்ல மாட்டேன். அடக்கி வைக்கலாம்."

களிம்பு பாதிதான் கேட்டது. உள்ளே உறங்கும் காசநோயை ஊசி எழுப்பிவிடலாம் என்பதால் அதற்கான பரிசோதனை முடித்து, ஊசி போட்ட பிறகு தோல் தெளிந்தது. அதெல்லாம் பின்னால்.

அன்று நான் நேராக ரயிலேறி அண்ணியிடம் போனேன். சட்டைக் கையை மடித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்குத்தானா? பொண்ணா பொறந்துட்ச்சின்னு உனுக்குப் புடிக்கலன்னு நென்ச்சிகினு கீறேன். உங்க அண்ணன்கிட்ட எத்தினி தபா அழுதேன் தெரியுமா?"

நான் காப்பாற்றுவதாக நினைத்தது அவருக்கு அவமதிப்பாகப் பட்டிருக்கிறது.

"ஊட்டுக்கு வந்து சொல்றதுக்கு இன்னா? இந்தா, புடி."

குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி டீ போடப் போனார். ஐந்து மாதக் குழந்தை இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது.