கிராணி கொடுத்த பென்சில்

சென்ற ஆண்டு, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நடந்தது இது. இடம் பிரிக்பீல்ட்ஸ், பூக்கடைகள் இருக்கும் வரிசையில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. நான் கிள்ளான்காரி. முப்பத்தோரு வருடம் ஒரு தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். கூட்டம், நாடகம் என்றாலே எனக்கு முட்டிவலிதான் முதலில் ஞாபகம் வரும். மகள்தான் விடவில்லை.

அவளுக்கு பெட்டாலிங் ஜெயாவில் வேலை. அவளுடைய தோழிகள் சிலர் சேர்ந்து அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்திருந்தார்கள். "யாரும் காது குடுத்துக் கேக்காத ஆளுங்க, அவங்க கதைய அவங்களே நடிச்சுக் காட்டப் போறாங்கம்மா. சும்மா வீட்ல உக்காந்து சீரியல் பாத்து அழறதுக்கு இங்க வந்து அழலாம்லா" என்றாள். வாய் அவளுக்கு என்னைப் போலவே நீளம். சரி, தொலையட்டும் என்று கொமுட்டர் ரயில் ஏறிப் போனேன்.

போனால் அங்கே மேடையும் இல்லை, நாற்காலியும் இல்லை. தரையில் பாய் விரித்து எல்லோரும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். "இதென்ன சாவு வீடா?" என்று மகளின் காதில் முணுமுணுத்தேன். அவள் கீழே சாப்பாட்டுக் கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்து போட்டாள். அத்தனை பேருக்கு நடுவில் நான் மட்டும் மகாராணி மாதிரி உயரமாக உட்கார்ந்திருந்தேன்.

முதலில் ஒரு திருநங்கை வந்தார். ஒரு சேலையை மெதுவாக மடித்துக் கட்டினார். ஒவ்வொரு மடிப்புக்கும், ரோட்டில் போகிறவர்கள் தன்னைக் கூப்பிட்ட ஒரு பெயரைச் சொன்னார். ஆரம்பத்தில் நான் முகத்தைச் சுளித்தேன். கடைசி மடிப்பு வருவதற்குள் தலையை நிமிர்த்திப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்தப் பெயர்களில் இரண்டு மூன்றை நானும் என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

அடுத்ததாகத்தான் அந்தப் பெண் வந்தாள். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, அதன்மேல் கையில்லாத கருநீலப் பினபோர் கவுன், வெள்ளைக் காலணி. ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் போடும் அதே சீருடையைத் தன் அளவுக்குத் தைத்துப் போட்டிருந்தாள். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு ஜன்னல் வரைந்து, அதற்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் நடித்தாள் என்று சொல்ல முடியாது. வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

"எனக்கு ஏழு வயசு. அம்மா என்னை ஸ்கூல்ல சேக்கக் கூட்டிட்டுப் போனாங்க. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராணி ஆன்டி இருந்தாங்க. நல்ல ஆன்டி. திட்டல. சூராட் பெரானாக் கொண்டு வாங்கன்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு அது கிடையாது. நான் அழுதேன். ஆன்டி டிராயர்ல இருந்து ஒரு பென்சில் எடுத்துக் குடுத்து, அழாத கண்ணுன்னாங்க. வீட்டுக்கு வந்துட்டோம். பென்சில் இருந்துச்சு. எழுதத்தான் யாரும் சொல்லித் தரல."

பிறப்புப் பத்திரத்தைத்தான் நாங்கள் சூராட் பெரானாக் என்போம். அந்தச் சொல்லைக் கேட்டபோதே எனக்கு என்னவோ செய்தது. பென்சில் என்றதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் அந்தப் பென்சிலைக் கொடுத்தவள் நான்.

பதினாறு, பதினேழு வருடம் இருக்கும். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளைகளைப் பதியும் நேரம். பக்கத்து அடுக்குமாடி ப்ளாட்டில் இருந்து ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தோட்டப்புறத்தில், ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே பிறந்த பிள்ளை. கல்யாணத்தைப் பதியவில்லை, அப்பன்காரன் எங்கே என்று தெரியவில்லை, கையில் ஒரு பேப்பரும் இல்லை. பத்திரம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதும்மா என்று அனுப்பினேன். இரண்டாம் முறை ஏதோ ஒரு கிளினிக் அட்டையைக் கொண்டு வந்தாள். அதற்கும் அதே பதில். மூன்றாம் முறை அந்தப் பிள்ளை புதுச் சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் பின்னி, காலணி மாட்டிக்கொண்டு வந்து நின்றது. சீருடையைப் பார்த்தாவது என் மனசு இளகும் என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு வழி இருந்தது. தலைமையாசிரியர் மனம் வைத்தால், பத்திரத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு கடிதம் எழுதி, பிள்ளையை வகுப்பில் உட்காரவைக்கலாம். முன்பு ஒரு பையனுக்கு அப்படிச் செய்திருந்தார். எனக்கு அது நன்றாகத் தெரியும். அவருடைய அறைக்கு என் மேசையிலிருந்து பத்து அடி. ஆனால் அன்றைக்கு வரிசை வாசல்வரை நின்றது, பாடப்புத்தகம் ஏற்றிய லோரி வேறு வந்து நின்றது. இவளை உள்ளே விட்டால் நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள் என்றும் தோன்றியது. பிள்ளை அழுதது. பென்சிலைக் கொடுத்தேன். "அடுத்த ஆள் வாங்க" என்றேன்.

இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? கல்யாண வீட்டில், பத்துமலைக்குப் போகும் பஸ்ஸில், என் பிரியாவிடை விருந்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். எப்போது சொன்னாலும் பென்சில் கொடுத்ததோடு முடித்துவிடுவேன். கேட்கிறவர்கள் "உங்களுக்கு நல்ல மனசு" என்பார்கள். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண் ஒரு பயிற்சிப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள். "என் பேர எழுதிக் குடுங்க. சரியா எழுதுறீங்களா தப்பா எழுதுறீங்களான்னு எனக்குத் தெரியாது. உங்கள நம்பித்தான் குடுக்கிறேன்" என்றாள். தன் பெயரைச் சொன்னாள். ஒவ்வொருவராக எழுதினார்கள். என் முறை வந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் எழுதிய கை, அவள் பெயருக்குக் கோணல்மாணலாக இழுத்தது. அவள் குனிந்து பார்த்துவிட்டு, "அழகா எழுதுறீங்க ஆன்டி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டாள்.

மற்றவர்கள் என்ன நடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்வதா, சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவதா என்பதிலேயே மனம் கிடந்து அடித்துக்கொண்டது. முடிந்ததும் மகளைக்கூடக் கூப்பிடாமல் எழுந்தேன். அந்தப் பெண் படிக்கட்டுப் பக்கம் நின்று, பொட்டலத்தில் மீகூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தக் கிராணி நான்தாம்மா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தலைமையாசிரியர் அறைக்குப் பத்து அடிதான் என்பதையும் சொன்னேன். அதை அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. என்னைத் தேடிக்கொண்டு வந்த மகள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் சாப்பிடுவதை நிறுத்தினாள். கோபப்படுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எந்த ஸ்கூல் ஆன்டி?" என்று கேட்டாள்.

சொன்னேன்.

"கிள்ளானா? அப்போ நீங்க இல்ல ஆன்டி. நாங்க ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம். கிள்ளானுக்கு நான் வந்ததே இல்ல."

என் காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை. "பென்சில் குடுத்தேனேம்மா" என்றேன் அசட்டுத்தனமாக.

"எல்லாரும் குடுப்பாங்க போல" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் சொன்னாள். "எனக்கு ரெண்டு ஸ்கூல்ல குடுத்தாங்க."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அப்பாடா என்று இருந்தது. இந்தப் பிள்ளையைக் கெடுத்தது நான் இல்லை. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"அப்போ உங்ககிட்ட வந்த பிள்ள வேற யாரோ. அவ பேரு என்ன ஆன்டி?"

அந்தப் பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். மறந்துவிட்டதாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். முகம் ஞாபகம் இருக்கிறது, இரட்டைப் பின்னலில் கட்டிய வெள்ளை ரிப்பன் ஞாபகம் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. பெயர் எழுதுவது பள்ளியில் சேர்க்கும் விண்ணப்பப் பாரத்தில்தான். பத்திரம் இருந்தால்தான் பாரம் கொடுப்போம். மகள் என் தோளைப் பிடித்து, "வாங்கம்மா, போலாம்" என்றாள். அந்தப் பெண் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடுத்த வாரம் பழைய பள்ளிக்குப் போனேன். இப்போது இருக்கும் கிராணி நல்ல பெண், அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாள். சேர்க்காத பிள்ளையின் பெயர் அதில் எப்படி இருக்கும்? எல்லாம் தெரிந்தும் இரண்டு முறை புரட்டினேன். பிறகு அந்த ப்ளாட்டுக்குப் போய், அப்படி ஒரு அம்மாவும் பொண்ணும் இருந்தார்களா என்று வீடு வீடாக விசாரித்தேன். "பேரு என்ன ஆன்டி? பேரு தெரிஞ்சா சொல்லலாம்" என்றார்கள். மூன்றாவது மாடிக்கு மேல் ஏற முட்டியும் விடவில்லை, மனசும் விடவில்லை.

இப்போது யார் என்னை நல்ல மனசுக்காரி என்று சொன்னாலும், மூன்று முறை என் ஜன்னலுக்கு வந்து நின்ற அந்தப் பிள்ளையிடம் "உன் பேரென்ன கண்ணு" என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.