முதல் எட்டு வரிகள்

2023 நவம்பர் 16, வியாழக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மூன்றாவது நாளாக மழை. காற்று இல்லை. வீட்டுக்கு முன்னால் ஒழுங்கையில் முழங்காலுக்கு நாலு விரல் கீழே வெள்ளம் நின்றது. குடையுடன் போய்க் கிணற்றின் சுற்றுக்கட்டிலிருந்து அளவுநாடாவை இறக்கினேன். 5.8 அடி ஆழத்தில் தண்ணீர்: ஐந்து தசம் எட்டு. அது என்னுடைய ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டாவது அளவு. ஒரு நாளும் தவறவில்லை. கண்புரை வெட்டி நான் படுத்திருந்த நாலு நாளும் மனைவி அளந்தாள். என் கொப்பியில் அந்த நாலு வரிகளின் ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி வைத்திருக்கிறேன். அவளுக்கு இது தெரியாது.

உடுப்பிட்டியில் எங்களுடையது நாலு வீட்டுக்குப் பங்குள்ள கிணறு. குடிக்கவும் குளிக்கவும் அதுதான். நாலில் ஒரு பங்கு மச்சானுக்கு, என் மனைவியின் தம்பிக்கு. அவர் தான் வெங்காயம் நட்ட தறைக்கு ஆழக் குழாய்க்கிணறு அடிக்க விண்ணப்பம் போட்டிருந்தார். இடம், எங்கள் கிணற்றுக் கட்டிலிருந்து நாற்பத்தொரு அடி. நானே அளந்தேன். அது வந்தால் கோடையில் எங்கள் கிணற்றில் வாளி கல்லில்தான் முட்டும்.

அதைத் தடுக்க ஒரே வழி இருந்தது. வற்றுகிற கிணறு என்று நான்கு வருடத்துக்குக் குறையாத நாளாந்த அளவுகளோடு ஒரு கிணறு பதிவாகியிருந்தால், அதன் அருகே ஆழக் குழாய் இறக்க அனுமதி இல்லை. அந்தப் பதிவு, அனுமதி கொடுக்கிற அலுவலகத்தின் தரவுத்தளத்தில் இருக்கவேண்டும். கடைசி நேரம் வெள்ளி மாலை நாலு மணி. என் விரிதாளில் ஐந்து வருடக் கணக்கு இருந்தது. அதில் ‘வற்று’ என்று நான் எழுதிய நாட்கள் நூற்றுத் தொண்ணூற்றேழு.

அலுவலகம் ஒரு பென்டிரைவில் சிறிய மென்பொருள் ஒன்றைத் தந்திருந்தது. விரிதாளைக் காட்டினால் அதை வாசித்துத் தங்கள் தரவுத்தளத்துக்கு அனுப்புமாம். வியாழன் காலை எட்டு மணிக்கு அதைத் திறந்தேன். விரிதாளை வாசிக்க ட்ரைவர் என்ற துணைமென்பொருள் வேண்டும், அது இல்லை என்றது. இணையத்தில் எடுத்துப் போட்டேன். என் கணினியில் உள்ள விரிதாள் மென்பொருள் அறுபத்துநான்கு பிட், இந்த ட்ரைவர் முப்பத்திரண்டு பிட், இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது, முதலில் அதைக் கழற்று என்றது. சரியென்று அறுபத்துநான்கு பிட் ட்ரைவரைப் போட்டேன். அது மறுப்பில்லாமல் ஏறியது. இப்போது அலுவலக மென்பொருள் ட்ரைவரே இல்லை என்றது. அது முப்பத்திரண்டு பிட்டாம். தன் இனத்தைத் தவிர வேறெதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

விரிதாள் மென்பொருளைக் கழற்றலாம். திரும்பப் போட, அதை வாங்கித் தந்த மகளின் கடவுச்சொல் வேண்டும். மகள் கனடாவில். ஏழு தடவை அழைத்தேன், அவள் எடுக்கவில்லை. கழற்றினால் திரும்ப வராது, கழற்றாவிட்டால் முன்னே போகாது. பதினொரு மணிவரை இரண்டு ட்ரைவர்களையும் மாறி மாறி ஆறு தடவை போட்டு எடுத்தேன். ஆறு தடவையும் திரையில் அதே இரண்டு பெட்டிகள், அதே சொற்கள்.

அலுவலகத்துக்கு அழைத்தேன். ஒரு பெண்பிள்ளை கதைத்தாள்.

“பிள்ளை, கடதாசியிலை எழுதிக் கொண்டுவந்து தரட்டோ?”

“கடதாசி எடுக்கிறேல்லை ஐயா. ட்ரைவரைச் சரியாப் போட்டா வரும்.”

“எது சரியான ட்ரைவர்?”

“உங்கடை விரிதாளுக்குப் பொருந்திறது.”

“அதுக்குப் பொருந்தினது உங்கடை சாமானுக்குப் பொருந்துதில்லையே!”

“அப்ப ரெண்டுக்கும் பொருந்திறதைப் போடுங்கோ ஐயா.”

மனைவி கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “இஞ்சாருங்கோ, முப்பத்தாறு வருசம் தபாற் கந்தோரிலை இருந்தனீங்கள். ஒரு கடிதம் அனுப்பத் தெரியேல்லையோ?”

“நீர் சும்மா இரும்.”

அந்த நேரம் மச்சான் பொலித்தீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். அக்காவிடம் தேத்தண்ணி குடிக்க வந்தவர், திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“அத்தான், கிணறு மேலை வருது. நீங்கள் உள்ளுக்கை இருந்து வத்தின நாளைத் தேடுறியள்.”

“தேடேல்லை. எண்ணி வைச்சிருக்கிறன்.”

“உது கணக்கோ, அல்லாட்டி என்னிலை உள்ள கோவமோ?”

“கோவத்தை நான் அளக்கிறேல்லை.”

அவர் சிரித்தார். சீனி போதாதென்று அக்காவிடம் சொல்லி இன்னொரு கரண்டி வாங்கினார். எங்களுக்குள் சண்டையில்லை என்பதுதான் இதில் சிக்கல். அவருடைய வெங்காயமும் காயத்தான் செய்தது.

வெள்ளத்தில் கடைக்குப் போகமுடியாது. சந்தியில் கணினி திருத்துகிறவரைத் தொலைபேசியில் பிடித்தபோது வெள்ளி காலை ஒன்பது மணி. ஐம்பது வயது மனிதர், பொறுமைசாலி.

“ஐயா, கறுப்புத் திரையைத் திறவுங்கோ. முப்பத்திரண்டு பிட் ட்ரைவரின்ரை பேரை அடியுங்கோ. ஒரு இடைவெளி. ஒரு சாய்ஞ்ச கோடு. பிறகு அமைதி எண்டதுக்கான இங்கிலிஷ் சொல்லு.”

“ஏன் அமைதி?”

“கேள்வி கேளாமல் ஏறு எண்டு சொல்லுறது. கேட்டாத்தானே ஏலாதெண்டும்.”

ஏறியது. ஒரு நாள் முழுவதும் முடியாதென்று நின்றது, கேட்காமல் விட்டதும் ஏறியது. அலுவலக மென்பொருள் என் விரிதாளை வாசித்தது. வியாழன்வரை ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு வரிகள். நான் கதிரையில் சாய்ந்தேன். பிறகு, பழக்கதோஷத்தில், அடுத்த வரியையும் பார்த்தேன். வற்றிய நாட்கள்: பூச்சியம்.

‘வற்று’ என்று எழுதிய நூற்றுத் தொண்ணூற்றேழு இடங்களும் வெறுமையாக இருந்தன.

மறுபடி அவரை அழைத்தேன். விரிதாளின் மேல் வரிகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

“ஐயா, உந்த ட்ரைவர் முதல் எட்டு வரியைத்தான் பார்க்கும். எட்டும் இலக்கம் எண்டா முழுக்க இலக்கம் எண்டு முடிவெடுத்திடும். பிறகு கீழை சொல்லு வந்தா எடுத்தெறிஞ்சு போடும்.”

என் கணக்கு 2018 நவம்பர் முதலாம் திகதி, மாரிகாலத்தில் தொடங்குகிறது. எட்டென்ன, முதல் இருநூற்று எண்பத்தொரு வரியும் இலக்கம்தான். கிணறு முதன்முதல் வற்றியது அடுத்த ஓகஸ்ட் ஒன்பதில். அந்த வரியை மேலே தூக்கி வைத்தேன். திகதி ஒழுங்கில்லை என்று மென்பொருள் தள்ளியது. ‘வற்று’க்குப் பதில் பூச்சியம் போட்டேன், அன்று அளக்கவில்லை என்று எடுத்துக்கொண்டது.

“ஒண்டு சொல்லட்டோ ஐயா? முதல் நாளுக்கு முன்னாலை ஒரு வரி, வற்று எண்டு சும்மா போடுங்கோ. ஒரு பொய். நூற்றித் தொண்ணூற்றேழு உண்மை உள்ளுக்குப் போகும்.”

அதற்கு முந்திய நாள், 2018 ஒக்டோபர் 31. மச்சானுடைய மூத்த மகளின் கலியாணம். நானூறு பேருக்குச் சமைக்க எங்கள் கிணற்றில்தான் அள்ளினார்கள். அத்தனை அள்ளியும் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கத்தான் மறுநாள் நாடாவை முதன்முதல் இறக்கினேன். அந்த நாளில் கிணறு வற்று என்று எழுதினால், அன்று சாப்பிட்ட நானூறு பேரும் மச்சானுக்குச் சாட்சி. ஒரு வரி பொய் என்றால் மற்றதை யார் நம்புவார்கள்? நானே நம்பமாட்டேன்.

மிச்சம் ஒரு வழி. தொடக்கத்தை வெட்டுவது. வற்றிய முதல் நாள் எட்டாவது வரியாக வரும்வரை வெட்டவேண்டும். ஏழு நாளைக் காப்பாற்றலாம். நான்கு வருடத்துக்கு மேல் மிஞ்சும். அதையும் இரண்டு தடவை எண்ணினேன்.

ஆனால் போவது அந்த முதல் மாரி. டிசம்பரில் தண்ணீர் கட்டுக்கு இரண்டு தசம் மூன்று அடி கீழேவரை ஏறியது. அதற்குப் பிறகு எந்த மாரியிலும் நாலு தசம் ஒன்றைத் தாண்டி ஏறவில்லை. இந்தக் கிணறு ஒரு காலம் எப்படி நிரம்பியது என்பதற்கு என்னிடமிருந்த ஒரே ஆதாரம் அதுதான்.

மூன்று மணி இருபதுக்கு மனைவி வந்து பக்கத்தில் இருந்தாள். “வெட்டுங்கோ. கொப்பியிலை கிடக்கும்தானே.”

“கொப்பியை ஆர் பார்க்கிறது?”

“நான் பார்க்கிறன். வெட்டுங்கோ.”

வெட்டினேன். வற்றிய நாட்கள் நூற்றுத் தொண்ணூற்றேழு என்று வந்தது. நாலு மணிக்குப் பதினொரு நிமிடம் இருக்க அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்துக் கடிதம் வந்தது. குழாய்க்கிணற்றுக்கு அனுமதி இல்லை. கீழே கிணற்றின் விபரம்: பதிவான அதிகூடிய நீர்மட்டம், கட்டிலிருந்து 4.1 அடி. மச்சானுக்கும் ஒரு பிரதி போயிருந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

“அத்தான், கந்தோர்க்காரர் சொல்லுறதைப் பார்த்தா உது எந்தக் காலமும் நிரம்பாத கிணறு. நான் அடிச்சுத்தான் கெடப்போகுதெண்டில்லை. மேன்முறையீட்டிலை உதைத்தான் எழுதப்போறன்.”

“உம்முடைய மகளின்ரை கலியாணம் முடிஞ்ச மார்கழியிலை கையாலை அள்ளலாம்போலை நிண்டது.”

“ஓம், எனக்குத் தெரியும். உங்கடை கணக்கிலை இல்லையே.”

அவர் சொன்னது சரி. அலுவலகத்தில் இருப்பது ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தெட்டு நாட்கள். அதை உள்ளே விட எனக்கு ஆன செலவு, இருநூற்று எழுபத்து நான்கு நாட்கள்.