ஜன்னலில் நின்ற கப்பல்

பிளாஸ்டிக் ஒட்டுகிற பசையின் நெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். இனிப்பும் காரமும் கலந்த அந்த நெடிக்கு எங்கள் வீட்டில் "கப்பல் வாசனை" என்று பெயர். சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்த என் தாய்மாமன் விடுமுறைக்கு மைசூரு வந்தபோது, பாய்மரக் கப்பலின் படம் போட்ட பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை எனக்கும் தம்பிக்கும் கொடுத்தார். ஆசையாகத் திறந்து பார்த்தால் உள்ளே கப்பலைக் காணோம். பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்குவதுபோல ஏராளமான பழுப்புநிறத் துண்டுகள்தான் இருந்தன. நாங்கள் அழுதோம். அம்மா மட்டும் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் வீடு. அப்பா தமிழக எல்லையோரத்து ஹனூரிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக்கொடுத்தாள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத அவள் பெட்டிக்குள் இருந்த படங்களை மட்டும் பார்த்து, நகவெட்டியால் துண்டுகளைக் கத்தரித்து, பிசிறைத் தேய்த்து, தையல் நூலில் மெழுகைத் தடவி முறுக்கேற்றிப் பாய்மரங்களுக்குக் கயிறு கட்டினாள். கப்பல் முடிந்த அன்று அதன் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டால் "செல்வி" என்று என் பெயரைத் தமிழில் எழுதினாள். அப்பா தெருப்பக்க ஜன்னலில், உள்ளும் புறமும் கண்ணாடி வைத்த ஒரு பெட்டியைப் பொருத்தி அதில் கப்பலை நிறுத்தினார். தம்பி கை வைத்துவிடக் கூடாது என்று உள்பக்கக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் சாவிக்கொத்திலேயே கோத்துக்கொண்டார். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

காவிரித் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களுக்கும் தகராறு முற்றிய குளிர்காலம் அது. ஒருநாள் காலையிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைகளின் ஷட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நானும் தம்பியும் ஓடிவந்தோம். தமிழர்கள் இருக்கிற இடமாகத் தேடி அடிக்கிறார்கள் என்று தெருமுனையில் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா வேலைக்குப் போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு கௌரம்மா வந்தாள். கன்னடக்காரி, அம்மாவுக்காகத் தனக்குத் தெரிந்த தமிழில் பேசுவாள். "சரசு, மொதல்ல அந்தக் கப்பல தெகீ, எடுத்துடு. எளுத்து தமிளு," என்றாள்.

அம்மா பூட்டைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. "சாவி அவருகிட்ட இருக்குதுக்கா. கண்ணாடிய ஒடச்சிரட்டுமா?"

"பேடா, வேணாம். சத்தம் கேட்டா எல்லாரும் இங்கியே வருவாங்க. நீ மக்கள இட்டுகிட்டு சும்மா உள்ள குந்து."

வேகமாகப் போனவள் ஒரு பக்கெட்டோடு திரும்பி வந்தாள். நனைத்து வைத்திருந்த தடித்த "துப்பட்டி"யை, அதாவது போர்வையை, வெளியிலிருந்து எங்கள் ஜன்னலின் மேல் விரித்துப் போட்டாள். அறைக்குள் வெளிச்சம் மங்கியது. பாய்மரங்களின் நிழல் தரையில் கலங்கலாகக் கிடந்தது. அம்மா எங்களைத் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார வைத்தாள். "அப்பா எங்கம்மா?" என்று தம்பி கேட்கத் தொடங்கியதுமே அவன் வாயைப் பொத்தினாள்.

"பேசாத கண்ணு. பேசுனா கன்னடத்துல பேசு."

கூட்டத்தின் இரைச்சல் சந்துக்குள் நுழைந்தபோது அம்மாவின் இதயம் என் முதுகில் இடித்தது. காலடிகள் எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றன.

"இது யார மனே?" யாருடைய வீடு என்று ஒருவன் கேட்டான்.

"நம்மதே. யாகே?" எங்களுடையதுதான், ஏன் என்றாள் கௌரம்மா. துணி பிழியும்போது தொந்தரவு செய்துவிட்டார்களே என்ற சலிப்பு மட்டும்தான் அவள் குரலில் இருந்தது.

போர்வையின் மேல் ஒரு கையின் நிழல் விழுந்தது. விரல்கள் ஓரத்தைப் பிடிப்பதை நான் பார்த்தேன். என் பெயர் அந்த விரல்களுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்பேனே, அந்தப் பெயரால் எங்களை அடிக்கப்போகிறார்கள் என்று அந்த வயதில் எனக்குப் புரிந்தது.

"ஒத்தே பட்டே. முட்டபேடி," என்றாள் கௌரம்மா. ஈரத்துணி, தொடாதே என்று தன் பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். பக்கெட்டிலிருந்து இன்னொரு துணியை எடுத்து உதறும் சத்தம் கேட்டது. கை விலகியது. காலடிகள் நகர்ந்தன. சந்தின் கோடியில் ஏதோ கண்ணாடி நொறுங்கியது. அது யாருடைய வீடோ.

சாயங்காலம் வரை நாங்கள் எழுந்திருக்கவில்லை. இருட்டுவதற்கு முன்பு, கூட வேலை செய்யும் ஒருவர் தன் சைக்கிளில் அப்பாவைக் கொண்டுவந்து விட்டார். சட்டை தோளில் கிழிந்திருந்தது. அப்பா வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே கன்னடத்தில் தண்ணீர் கேட்டார். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்பது அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை.

அவர் குடித்து முடித்ததும் அம்மா சாவிக்கொத்தை வாங்கிக் கப்பலை வெளியே எடுத்தாள். பிளேடால் எழுத்துகளைச் சுரண்டினாள். வெள்ளைத் தூள் அவள் மடியில் உதிர்ந்தது. "என் பேரும்மா," என்று நான் அழுதேன்.

"உன் பேரு உங்கிட்ட இருக்குது. கப்பலுக்கு வேண்டாம்," என்றாள் நிமிராமல்.

அடுத்த விடுமுறையில் மாமா இன்னும் பெரிய கப்பல் ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மா பெட்டியைப் பிரிக்காமலே பரணில் போட்டாள். வீடுகள் மாறினோம், பெட்டியும் கூடவே வந்தது. இப்போது அந்தச் சந்தில் எங்கள் வீடு இருந்த இடத்தில் செல்போன் கடைகள் இருக்கின்றன. அப்பா இல்லை. கௌரம்மாவும் போய்விட்டாள், அவளுக்குக் கடைசிவரை நாங்கள் ஒழுங்காக நன்றிகூடச் சொன்னதில்லை, சொன்னால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்பதால். முதல் கப்பல் ஏதோ ஒரு வீடு மாற்றத்தில் நொறுங்கிப்போனது.

போன கோடை விடுமுறையில் என் மகள் பரணிலிருந்து அந்த இரண்டாவது பெட்டியை எடுத்துவிட்டாள். உள்ளே இருந்த பசைக்குழாய் கல்லாகியிருந்தது. போனிலேயே புதுப் பசை வரவழைத்தாள். அம்மா முதலில் கிட்டவே வரவில்லை. பிறகு நூல் கட்டுவதைப் பார்க்கப் பொறுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுப் போடத் தொடங்கினாள். முடிந்ததும் மகள் கப்பலை ஹாலில் டிவி பக்கத்தில் வைத்தாள்.

"அங்க வேண்டாம் கண்ணு. உள் ரூம்ல வை," என்றாள் அம்மா.

"ஏன் பாட்டி? இங்க வெச்சா தானே எல்லாரும் பாப்பாங்க?"

அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். நான் எழுந்து கப்பலை மெதுவாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனேன். வாசல் கதவு திறந்திருந்ததை நானும் கவனித்திருந்தேன்.